ஓஹாயோவிலிருந்து சைதாமாவுக்கு: ஜப்பான் வீடு ஏன் இவ்வளவு குளிர்கிறது, அந்த வீட்டுக்கு ஏன் விலையே இல்லை?

சைதாமா செல்வம் | ஜனவரி 12

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலம் கொலம்பஸில் ஏழு வருடம் இருந்துவிட்டு, போன ஏப்ரலில் வேலை மாற்றலாகி ஜப்பான் வந்தோம். நான், மனைவி, நாலு வயது மகள். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் ஒரு மர வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். 3எல்டிகே என்கிறார்கள். மூன்று அறைகள், அப்புறம் கூடம், சாப்பிடும் இடம், சமையலறை மூன்றும் சேர்ந்த ஒரு பெரிய அறை. 1994இல் கட்டியது.

வந்த புதிதில் எல்லாமே பிடித்திருந்தது. கதவைத் திறந்ததும் கென்கான். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு படி ஏறினால்தான் வீடு. கொலம்பஸில் முன்கதவைத் திறந்தால் நேராகக் கார்ப்பெட். வருகிற ஒவ்வொருவரிடமும் "ஷூவைக் கழற்றிவிடுங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. இங்கே அந்தப் படியைப் பார்த்ததுமே கழற்றிவிடுகிறார்கள், மகள் உட்பட.

குளிர்காலம் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. இன்று காலை ஐந்தரைக்கு எழுந்தபோது நடையில் வைத்த தெர்மாமீட்டர் 6 டிகிரி காட்டியது. வெளியே மைனஸ் 2. ஜன்னலின் அலுமினியச் சட்டத்தில் உள்பக்கமாகத் தண்ணீர் வழிந்து, திரைச்சீலையின் கீழ் ஓரம் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டது. கொலம்பஸில் வெளியே மைனஸ் 15 அடித்த ராத்திரிகளிலும் வீட்டுக்குள் 20 டிகிரி. அரைக்கைச் சட்டையோடு இருந்தோம். இங்கே வீட்டிலேயே சூடாக இருக்கும் இடம் டாய்லெட் இருக்கை மட்டும்தான்.

இன்னொரு விஷயமும் புரியவில்லை. வீடு வாங்கலாம் என்று ஒரு தரகரோடு அலைகிறோம். 1982 ஜனவரியில் கட்டி முடித்த ஒரு வீட்டைக் காட்டினார். நல்ல தூண்கள், தத்தாமி பாய் போட்ட இரண்டு அறைகள், சின்னத் தோட்டம். விளம்பரத்தில் "பழைய வீடு உள்ள மனை" என்று போட்டிருந்தது. விலை மனைக்கு மட்டும், வீட்டுக்கு ஒரு யென்கூட இல்லை. கொலம்பஸில் நாங்கள் குடியிருந்த வீடு 1926இல் கட்டியது. அதே வயதுள்ள எதிர்வீட்டுக்கு, விற்பனைக்குப் பலகை வைத்த வாரமே போட்டி போட்டார்கள்.

குளிர் ஏன்? விலை ஏன் பூஜ்யம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிப்ரவரி கடைசியில் அம்மா வருகிறார். 71 வயது, இரத்த அழுத்தம் உண்டு. அதுதான் கவலை.

யோகோஹாமா மீனா | ஜனவரி 12

செல்வம், முதல் குளிர்காலம் எல்லோருக்கும் இப்படித்தான். நான் வந்து 19 வருடம் ஆகிறது.

அமெரிக்காவில் வீடு முழுவதையும் சூடாக்குகிறார்கள். இங்கே ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தை மட்டும் சூடாக்குகிறார்கள். கொதாட்சு பார்த்திருப்பீர்கள்: தாழ்வான மேசை, மேலே கனத்த போர்வை, மேசைக்கு அடியில் ஹீட்டர். குடும்பமே அதற்குள் கால் நீட்டி உட்கார்ந்துகொள்ளும். இருக்கிற அறையில் ஏசியை வெப்பத்துக்கு மாற்றிப் போடுவார்கள், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் அடுப்பு. நடை, குளியலறை, டாய்லெட் எல்லாம் வெளியே போலத்தான். டாய்லெட் இருக்கைக்குச் சூடு வைத்ததும் அதே கணக்கு. அறையைச் சூடாக்காமல் உடம்பு படுகிற இடத்தை மட்டும் சூடாக்குவது.

இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. வீட்டைக் கோடையை நினைத்துக் கட்ட வேண்டும், குளிரை எப்படியும் தாங்கிக்கொள்ளலாம் என்பது நூற்றாண்டுகளாக இங்கே இருக்கும் எண்ணம். ஜூன், ஜூலை மழைக்காலத்தின் புழுக்கத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். தரையை உயர்த்தி, சுவருக்குப் பதிலாக ஷோஜி, ஃபுசுமா என்று தள்ளு கதவுகள் வைத்து, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்படி கட்டினார்கள். மரம் உளுத்துப்போகாமல் இருக்க அந்தக் காற்று தேவைப்பட்டது.

ஆனால் உங்கள் 1994 வீட்டுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அது காற்றோட்டமான பழைய வீடும் இல்லை, குளிர் புகாத புதிய வீடும் இல்லை. ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம், சுவருக்குள் குளிரைத் தடுக்கப் பேருக்குக் கொஞ்சம் பஞ்சு. அந்தக் காலத்து வீடுகள் நிறைய இப்படித்தான். வடக்கே ஹொக்கைடோ தீவில் போய்ப் பாருங்கள். அங்கே இரட்டை ஜன்னல், நல்ல வெப்பக் காப்பு, வீட்டுக்குள் கதகதப்பு. குளிர் அதிகமான ஊரில் வீடு சூடாக இருக்கிறது, டோக்கியோ பக்கம்தான் நடுங்குகிறோம்.

மினியாபொலிஸ் மாறன் | ஜனவரி 13

இங்கே, அமெரிக்காவின் வடக்கே மினசோட்டாவில், இன்று மைனஸ் 21. நான் பனியனோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அமெரிக்க வீட்டின் நெஞ்சு அதன் அடித்தளத்தில் இருக்கும் ஃபர்னஸ். எரிவாயுவில் காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் ஊதும். சுவரில் ஒரே தெர்மோஸ்டாட். கோடையில் அதே குழாயில் குளிர்காற்று. சுவர், இரண்டுக்கு நாலு அங்குலக் கட்டைகளை வரிசையாக நிறுத்தி, இடையில் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து, மேலே ஜிப்சம் பலகை அறைந்தது. எங்கள் பக்கம் இப்போது இரண்டுக்கு ஆறு கட்டைதான் போடுகிறார்கள், அதிகம் பஞ்சு பிடிக்கும் என்று.

ஆனால் இதைப் பெரிதாகப் புகழ எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீடு 2,300 சதுர அடி. அமெரிக்காவில் இப்போது கட்டுகிற சராசரித் தனி வீடு கிட்டத்தட்ட அந்த அளவுதான். நாங்கள் மூன்று பேர். யாருமே போகாத விருந்தினர் அறை, வருடத்துக்கு இரண்டு முறை உட்காரும் டைனிங் அறை, இதையெல்லாம் ஆறு மாதம் 20 டிகிரியில் வைத்திருக்கிறோம். காற்று காய்ந்துபோய்க் குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வருகிறது, ஹியூமிடிஃபையர் ஓடுகிறது. இரண்டு வருடம் முன்பு ஜனவரியில் ஒரு ராத்திரி மின்சாரம் போய், ஃபர்னஸின் விசிறி நின்றது. விடிவதற்குள் வீடு 9 டிகிரிக்கு இறங்கிவிட்டது. போர்த்திக்கொண்டு உட்கார ஒரு கொதாட்சு கிடைக்காதா என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஒசாகா ராஜி | ஜனவரி 13

குளிரைப் பற்றிப் பேசும்போது குளியலறையையும் சொல்லியாக வேண்டும். அதில் அமெரிக்கா கிட்டவே வர முடியாது.

கலிஃபோர்னியாவில் நாங்கள் இருந்த அப்பார்ட்மெண்டில் டாய்லெட், வாஷ்பேசின், குளியல் தொட்டி எல்லாம் ஒரே அறையில். ஒருவர் குளித்தால் மற்றவர் டாய்லெட்டுக்குக் காத்திருக்க வேண்டும். தொட்டி முழங்கால் உயரம்கூட இல்லை, வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தக் கூடாது. இங்கே டாய்லெட் தனி, முகம் கழுவுமிடம் தனி, குளிக்கும் அறை தனி. குளிக்கும் அறையில் தரை முழுக்க நனையலாம். முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நன்றாகக் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்குகிறோம். அதனால் தொட்டித் தண்ணீர் சுத்தமாகவே இருக்கும், வீட்டில் எல்லோரும் அதே வெந்நீரில் மாறி மாறி இறங்கலாம். ஆறினால் ஒரு பொத்தானை அழுத்திச் சூடேற்றிக்கொள்ளலாம். மறுநாள் அதே தண்ணீரைக் குழாய் போட்டு வாஷிங் மெஷினுக்கு இழுத்துவிடுவோம்.

தொழிற்சாலையில் செய்து வீட்டில் பொருத்தும் இந்தக் குளியலறைக்கு ஒரு கதை உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்பு நியூ ஒட்டானி ஹோட்டலை அவசரமாகக் கட்ட வேண்டியிருந்தபோது, அறை அறையாகக் குளியலறை கட்ட நேரமில்லாமல் தோத்தோ நிறுவனம் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தியது. அப்படித் தொடங்கியதுதான் இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. கழுவிவிடும் டாய்லெட் இருக்கையையும் வாஷ்லெட் என்று அதே நிறுவனம்தான் 1980இல் கொண்டுவந்தது.

தண்ணீர் ஊற்றிக் குளித்துப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அமெரிக்கத் தொட்டி கஷ்டம். என் மாமியார் அங்கே இரண்டு முறை வழுக்கினார். இங்கே முதல் நாளே முக்காலியும் தண்ணீர் மொண்டு ஊற்றும் சின்னக் கிண்ணமும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

கட்டுமானக்காரன் | ஜனவரி 14

நான் டோக்கியோவில் கட்டட அமைப்புப் பொறியாளர். செல்வம் கேட்ட இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1945இல் போர் முடிந்தபோது ஜப்பானில் 42 லட்சம் வீடுகள் பற்றாக்குறை. நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்துபோயிருந்தன. எவ்வளவு சீக்கிரம், எத்தனை வீடு என்பதே அன்றைய கேள்வி. தரத்தைப் பார்க்க நேரமில்லை. அப்படிக் கட்டிய வீடுகளை வசதி வந்ததும் இடித்துவிட்டு நல்லதாகக் கட்டிக்கொள்வது இயல்பாக இருந்தது.

அப்புறம் நிலநடுக்க விதிகள். 1978இல் மியாகி நிலநடுக்கம். அதன் பாடத்தால் 1981 ஜூன் 1 முதல் புது விதி. 1995 கோபே நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அடியில் நசுங்கியவர்கள், இடிந்தவற்றில் பெரும்பங்கு பழைய மர வீடுகள். அதன்பின் 2000இல் மர வீட்டு விதியை மறுபடி இறுக்கினார்கள்: தூண் அடியில் எந்த இரும்புப் பிடிமானம், சுவர்கள் நாலு பக்கமும் சமமாக இருக்கின்றனவா, மண் பரிசோதனை. 2016 குமாமோட்டோ நிலநடுக்கத்தில் மஷிகி என்ற ஊர் மூன்று நாளுக்குள் இரண்டு முறை உச்ச அளவில் குலுங்கியது. அங்கே 1981க்கு முந்தைய வீடுகளில் நாலில் ஒன்றுக்கு மேல் இடிந்தது. 2000க்குப் பின் கட்டியவற்றில் நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான். ஒவ்வொரு விதி மாறும்போதும் அதற்கு முந்தைய வீடுகள் எல்லாம் ஒரே நாளில் "பழையது" ஆகிவிடுகின்றன. மக்கள் புது வீடு தேடுவதற்கு இது நியாயமான காரணம்.

மூன்றாவது, வரிக்கணக்கு. மர வீட்டின் ஆயுள் 22 வருடம் என்று வரித்துறை வைத்திருக்கிறது. கான்கிரீட் குடியிருப்புக்கு 47. இது தேய்மானம் கழிக்க வைத்த எண்தான், வீடு அவ்வளவு நாள்தான் நிற்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் வங்கிகளும் தரகர்களும் அதையே விலைக்கு அளவுகோலாகப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் வாடகை வீட்டுக்கு வரித்துறை 27.5 வருடம் என்று தேய்மானம் வைத்திருக்கிறது. அங்கே யாரும் 28ஆம் வருடம் வீட்டுக்கு மதிப்பில்லை என்று சொல்வதில்லை.

இப்போது குளிருக்கு வருகிறேன். 20 வருடத்தில் விலை பூஜ்யமாகப் போகிற வீட்டில் யார் இரட்டைக் கண்ணாடி போடுவார்கள்? யார் கூரைக்குப் பஞ்சு வாங்குவார்கள்? போட்ட காசு திரும்பி வராது. பராமரிக்காததால் வீடு கெடும். கெட்டதால் அடுத்தவர் இடிப்பார். இடிப்பார்கள் என்று தெரிந்தே அடுத்த வீட்டையும் மலிவாகக் கட்டுவார்கள். உங்கள் நடையில் இருக்கும் 6 டிகிரியும் விளம்பரத்தில் இருக்கும் பூஜ்யமும் ஒரே சக்கரத்தில் சுற்றுகிறவை.

நிலைமை மாறாமல் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து புது வீடு எல்லாவற்றுக்கும் வெப்பக் காப்புத் தரம் கட்டாயம். 2022இல் அதற்கு மேலே 6, 7 என்று உயர்ந்த நிலைகளும் கொண்டுவந்தார்கள்.

செல்வம், அந்த வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். கட்டி முடித்தது 1982 ஜனவரி என்றால் போதாது. கட்டத் தொடங்கும் முன் வரைபடத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் கட்டட உறுதிச் சான்று எந்தத் தேதியில் வாங்கியது என்று பாருங்கள். 1981 ஜூன் 1க்கு முன் வாங்கியிருந்தால் அது பழைய விதி வீடு.

சைதாமா செல்வம் | ஜனவரி 16

அண்ணா, தரகரிடம் கேட்டேன். நகராட்சி அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். 1981 ஏப்ரல். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நானாக இருந்தால் '82 என்ற எண்ணைப் பார்த்தே முன்பணம் கொடுத்திருப்பேன்.

எடிசன் சுமதி | ஜனவரி 17

நியூ ஜெர்சியில் வீட்டுக் கடன் துறையில் 14 வருடமாக இருக்கிறேன். இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

இங்கே கைமாறும் வீடுகளில் ஐந்தில் நாலுக்கு மேல் ஏற்கெனவே யாரோ குடியிருந்த வீடுகள். ஜப்பானில் அது சுமார் ஏழில் ஒன்று என்று படித்திருக்கிறேன். நான் பார்க்கும் மதிப்பீட்டு அறிக்கைகளில் கட்டிய வருடம் ஒரு கட்டத்தில் இருக்கும், ஆனால் விலையைத் தீர்மானிப்பது அதே தெருப் பக்கம் சமீபத்தில் விற்ற மூன்று நாலு வீடுகள். அதனால்தான் மக்கள் ஜன்னல் மாற்றுகிறார்கள், சமையலறையைப் புதுப்பிக்கிறார்கள். விற்கும்போது காசு வரும் என்ற நம்பிக்கை.

இந்த நம்பிக்கை தானாக வரவில்லை. 1934இல் அரசு வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க ஆரம்பித்தது. போருக்குப் பின் திரும்பிய வீரர்களுக்கும் அப்படியே. 1947இல் நியூயார்க் பக்கம் லெவிட்டவுன் என்ற ஊரைத் தொழிற்சாலையில் கார் செய்வது போல வரிசையாகக் கட்டினார்கள். முதல் வீடுகள் 750 சதுர அடிதான். மாறன் சொன்ன 2,300இல் மூன்றில் ஒரு பங்கு. அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன, மாடி எழுப்பி, பக்கம் நீட்டி, லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அதே லெவிட்டவுனில் கறுப்பர்கள் குடியேறக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். வீடு என்றால் சேமிப்பு என்று ஆன நாட்டில், அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு சாராரைத் தள்ளிவைத்தால் அது பேரப்பிள்ளை வரை பாதிக்கும். இன்றைக்கும் நான் கடன் கோப்புகளில் பார்க்கிறேன். கறுப்பினக் குடும்பங்களுக்கு முன்பணம் கொடுக்கப் பெற்றோர் வீடு என்று ஒன்று பின்னால் இருப்பது அரிது.

இன்னொன்று. வீட்டு விலை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் பக்கத்தில் அப்பார்ட்மெண்ட் வரவிட மாட்டார்கள். தனி வீடு மட்டும்தான் என்று சட்டம் போட்ட பகுதிகள் ஏராளம். சில குடியிருப்புச் சங்கங்கள் வெளியே துணி காயப்போடக்கூட விடுவதில்லை, தெருவின் மதிப்பு குறையுமாம். நல்ல வெயிலில் துணியை மின்சார டிரையரில் போடுகிறோம். இந்தத் தடையை எதிர்த்துச் சில மாநிலங்கள் சட்டமே போட வேண்டியிருந்தது.

யோகோஹாமா மீனா | ஜனவரி 17

சுமதி, துணி விஷயத்தைப் படித்ததும் மனசு என்னவோ செய்தது. இங்கே வெயில் வந்தால் தெரு முழுக்க பால்கனியில் ஃபுதோன் மெத்தை தொங்கும். மத்தியானம் அதைத் தட்டி உள்ளே எடுத்து, ராத்திரி விரித்துப் படுத்தால் வெயில் வாசனை வரும். வீட்டு விளம்பரத்தில் தெற்குப் பார்த்த பால்கனி என்றால் விலையே கூடும்.

அப்புறம் பக்கத்தில் என்ன கட்டலாம் என்ற சட்டம். இங்கே மிகக் கண்டிப்பான குடியிருப்புப் பகுதியிலும் வீட்டோடு சேர்ந்து 50 சதுர மீட்டருக்குள் சின்னக் கடை வைக்கலாம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி தன் வீட்டு முன்னறையிலேயே சலூன் நடத்துகிறார். டல்லாஸில் என் தங்கை பால் வாங்கக் காரை எடுக்க வேண்டியிருக்கிறது.

மினியாபொலிஸ் மாறன் | ஜனவரி 18

எல்லாம் சரி அக்கா. ஆனாலும் முப்பது நாற்பது வருடத்தில் ஒரு நல்ல மர வீட்டை இடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு தலைமுறை 35 வருடம் கடன் கட்டுகிறது. கட்டி முடிக்கும்போது கையில் மனை மட்டும் மிஞ்சுகிறது. பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து கடன். அதுவும் போதாதென்று 2023 கணக்குப்படி ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் காலி. மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். ஒரு பக்கம் இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், மறுபக்கம் பூட்டிக் கிடக்கிறது. இது எப்படிச் சரியாகும்?

கட்டுமானக்காரன் | ஜனவரி 18

மாறன், உங்கள் கோபம் நியாயமானது. என் தொழிலில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தமும் அதுதான். இரண்டு விஷயம் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, அகியாவுக்கு, ஒரு வரிக் காரணம் உண்டு. மனையில் வீடு நின்றால், 200 சதுர மீட்டர் வரை மனை வரி ஆறில் ஒரு பங்காகக் குறையும். இடித்தால் சலுகை போய்விடும். டோக்கியோவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் அப்பா வீட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஆபத்தான நிலையில் உள்ளவற்றுக்கு அந்தச் சலுகையை நகராட்சி நீக்கலாம்.

அந்தக் கடனில் ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. இங்கே வங்கிக் கடனோடு பெரும்பாலும் ஆயுள் காப்பீடு சேர்ந்தே வரும். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனைக் காப்பீடு அடைத்துவிடும், குடும்பத்துக்கு வீடு நிற்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் 44 வயதில் போனபோது அதை நேரில் பார்த்தேன்.

பழைய வீடு என்றாலே இடிக்கத்தான் என்றும் இல்லை. கோபே, குமாமோட்டோ இரண்டுக்குப் பிறகும் பழைய வீடுகளுக்குச் சுவர் சேர்த்து, இரும்புப் பிடிமானம் போட்டு வலுப்படுத்தும் வேலை நிறைய நடக்கிறது. நகராட்சிகள் பணம் கொடுக்கின்றன. ஆனால் செல்வம், வெளிநாட்டுக்காரராக முதல் வீட்டிலேயே அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒசாகா ராஜி | ஜனவரி 20

நடுவில் ஒரு சமையலறைச் சந்தேகம். வீடு மாறியதிலிருந்து தோசை ஊற்றும்போது அடுப்பு தானாகத் தணிந்துவிடுகிறது. தாளிக்கும்போதும் அப்படித்தான். அடுப்பு பழுதா?

யோகோஹாமா மீனா | ஜனவரி 20

பழுதில்லை ராஜி. பர்னர் நடுவில் ஒரு சின்ன உருளை எழும்பி நிற்கும் பாருங்கள், அது வெப்பம் அளக்கும் சென்சார். எண்ணெய்த் தீ பிடிக்காமல் இருக்க 2008 முதல் வீட்டு எரிவாயு அடுப்பின் எல்லாப் பர்னரிலும் கட்டாயம். காய்ந்த கல் 250 டிகிரி பக்கம் போனதும் தீயைத் தணித்துவிடும். முன்பக்கம் ஒரு பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அதிகச் சூட்டு நிலைக்கு மாறும். தோசை முடிகிறவரை அதில் ஓட்டலாம். மேசை மேல் வைக்கும் கேஸ் டப்பா அடுப்பில் மட்டும் பெரிய தோசைக்கல்லை வைத்துவிடாதீர்கள். கல்லின் சூடு பக்கத்து டப்பாவைத் தாக்கி வெடிக்கும் ஆபத்து உண்டு.

தாளிக்கும் புகையைப் பொறுத்தவரை இந்த ஊர்தான் எனக்குப் பிடிக்கும். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை நேராக வீட்டுக்கு வெளியே தள்ளும். அமெரிக்காவில் தங்கை வீட்டில் மைக்ரோவேவுக்கு அடியில் இருக்கும் விசிறி, அதே காற்றை வடிகட்டி மறுபடி முகத்தில் விடுகிறது. மிளகாய் வற்றல் வறுத்தால் தீ அலாரம் கத்தும்.

யோகோஹாமா மீனா | பிப்ரவரி 2

செல்வம், அம்மா வருவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். இங்கே குளிர்காலத்தில் வயதானவர்கள் குளியலறையில் இறப்பது, சாலை விபத்தில் இறப்பதைவிட அதிகம். சூடான கூடத்திலிருந்து குளிர்ந்த அறைக்குப் போய் உடை களையும்போது ரத்த அழுத்தம் ஏறும், வெந்நீரில் இறங்கியதும் சட்டென்று இறங்கும். அப்படியே தொட்டியில் மயங்கிவிடுகிறார்கள். அம்மாவுக்கு அழுத்தம் இருக்கிறது என்றீர்கள், அதனால் சொல்கிறேன்.

உடை மாற்றும் இடத்துக்கு ஒரு சின்ன ஹீட்டர் வாங்கி, அம்மா போவதற்குக் கால் மணி முன்பே போட்டு வையுங்கள். குளியலறையின் தொட்டி மூடியை முன்பே திறந்துவிட்டால் ஆவியில் அறை சூடாகும். தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம். தொட்டியில் பத்து நிமிடம் போதும். சாப்பிட்ட உடனே வேண்டாம். கதவுக்கு வெளியே நீங்களோ மருமகளோ இருந்து அவ்வப்போது குரல் கொடுங்கள். அழுத்த மருந்தைப் பற்றி டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சைதாமா செல்வம் | மார்ச் 8

அம்மா வந்து பத்து நாள் ஆகிறது. உங்கள் எல்லோருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஜன்னல். வாடகை வீடு என்பதால் முறையான உள்ஜன்னல் போட உரிமையாளரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். ஹோம் சென்டர் என்கிற வீட்டுச் சாமான் கடையில் உள்ளே கூடுகூடாக இருக்கும் பாலிகார்பனேட் தகடும், ஒட்டும் பிளாஸ்டிக் தண்டவாளமும் கிடைத்தன. கூடத்துக்கும் அம்மா படுக்கும் அறைக்கும் மட்டும் செய்தேன். அளவெடுப்பதுதான் கஷ்டம். பழைய வீட்டில் ஜன்னலின் மேல் அகலமும் கீழ் அகலமும் 4 மில்லிமீட்டர் மாறுகிறது. மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவுக்கு வெட்டி, இடைவெளியில் நுரைநாடா ஒட்டினேன். இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. அதற்கடுத்த வாரம், வெளியே அதே மைனஸ் 2 இருந்த ஒரு காலையில் அம்மா அறையில் 12 டிகிரி. அதற்கு முன் அதே அறை 7. கண்ணாடியில் தண்ணீர் வழிவது ஏறக்குறைய நின்றுவிட்டது. நடை இன்னும் குளிர்தான்.

குளியல், மீனா அக்கா சொன்னபடியே. ஹீட்டர் போட்டு, தொட்டி மூடியைத் திறந்துவைத்து, 40 டிகிரி. முதல் நாள் அம்மா தொட்டியில் இறங்கவே இல்லை, முக்காலியில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக் குளித்துவிட்டு வந்தார். நாலாவது நாள் இறங்கினார். வெளியே நின்று மகள் "பாட்டி, இருக்கீங்களா?" என்று ஒவ்வொரு நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது இப்போது அவளுடைய வேலையாகிவிட்டது.

அந்த 1982 வீடு விற்றுவிட்டது. போன வாரம் அம்மாவோடு அந்தப் பக்கம் நடந்தபோது சுற்றிலும் சாம்பல் நிறத் துணி கட்டி இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடு ஒரு குவியல், தத்தாமி ஒரு குவியல், மரம் ஒரு குவியல் என்று பிரித்துப் பிரித்து வைத்திருந்தார்கள். அறுத்த தூணின் வாசனை தெருமுனை வரை வந்தது. அம்மா நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்ல மரத்தை யாரும் எடுத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வரும் சனிக்கிழமை 2004இல் கட்டிய ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறோம். கட்டுமானக்காரன் அண்ணா, என்னென்ன காகிதம் கேட்க வேண்டும்?

கட்டுமானக்காரன் | மார்ச் 8

உறுதிச் சான்று, கட்டி முடித்தபின் நடந்த பரிசோதனைச் சான்று, சுவர்கள் எங்கே என்று காட்டும் வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை, கரையான் மருந்து கடைசியாக எப்போது அடித்தார்கள் என்ற ரசீது. பரிசோதனைச் சான்று இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

சமையலறைத் தரையில் ஒரு சேமிப்புப் பெட்டி இருக்கும். அதை அப்படியே வெளியே தூக்கினால் தரைக்கடி தெரியும். டார்ச் கொண்டு போங்கள். கான்கிரீட்டில் ஈரமோ, தேங்கிய தண்ணீரின் கறையோ இருக்கிறதா, தரைக்குக் கீழே பஞ்சு தொங்காமல் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் சட்டத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள், உள்பக்கம் பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று தெரிந்துவிடும்.

மரத்தைப் பற்றி அம்மா கேட்டதற்கு: பழைய வீட்டு மரம் வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நூறு வருட விவசாயி வீட்டின் கனமான தூணையும் உத்தரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். 80களின் வீட்டுத் தூணுக்கு ஆள் வருவதில்லை, பெரும்பாலும் தூளாக்கிப் பலகைக்கோ எரிபொருளுக்கோ போகிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என்றால் நானும் வருகிறேன். ஸ்டேஷன் பெயரை அனுப்புங்கள்.